சான்றைத் தேடிய அறிவியலர்: எஸ்தோனியாவின் எண்டெல் லிப்மா

பால்டிக் கடலின் கிழக்குக் கரையில், பின்லாந்து வளைகுடாவுக்குத் தெற்கே அமைந்த எஸ்தோனியா, சோவியத் ஒன்றியத்தின் 15 குடியரசுகளில் மக்கள்தொகையால் மிகச் சிறியதாக இருந்தது. 1989ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை சுமார் 15 லட்சத்து 65 ஆயிரம்தான். அவர்களிலும் எஸ்தோனிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஐந்தில் மூன்று பங்கினரே. அத்தகைய நாடு 1987 முதல் 1991 வரையிலான நான்கே ஆண்டுகளில், படையோ பணபலமோ இன்றி, தன் அரசுரிமையை மீட்டுக்கொண்டது. அந்த இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களுள் எழுத்தாளரும் பொருளியலாரும் இதழாளரும் இருந்தனர். ஆயினும், இயற்கை அறிவியல் ஆய்வுக்கூடங்களிலிருந்து நேரே அரசியலுக்கு வந்தோரின் எண்ணிக்கை வியப்பளிப்பதாகும். பின்னாளில் குடியரசுத் தலைவரான அர்னோல்டு ரூட்டெல் வேளாண் அறிவியலர். 1994-95இல் பிரதமராக இருந்த ஆந்திரெஸ் தாரண்டு காலநிலை ஆய்வாளர். நாடாளுமன்ற அவைத்தலைவராக நெடுங்காலம் விளங்கிய எனெ எர்க்மா வானியற்பியலர். 2021இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அலார் காரிஸ் மூலக்கூறு மரபியலர்.

இதற்கான காரணத்தைச் சோவியத் ஆட்சியில் அறிவுத்துறைகளுக்கு வாய்த்த நிலையிலேயே தேட வேண்டும். வரலாறும் சட்டமும் பொருளியலும் கட்சிக் கொள்கையின் நேரடி மேற்பார்வையில் இயங்கின. அவற்றில் ஒருவர் என்ன முடிவுக்கு வரலாம் என்பது பெரும்பாலும் முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. இயற்பியலிலும் வேதியியலிலுமோ, அளவீடு மாஸ்கோவில் தரும் எண்ணையே எஸ்தோனியத் தலைநகர் தாலினிலும் தரும் என்பதால், ஆய்வாளர் ஒருவர் தம் நாட்டுக்கு வெளியேயும் மதிப்பைப் பெறவும், அந்த மதிப்பின் காப்பில் ஓரளவு தன் விருப்பப்படி சிந்திக்கவும் இடம் இருந்தது. இந்த இடத்தை முழுமையாகப் பயன்படுத்தியவர் எண்டெல் லிப்மா. அவர் குடியரசுத் தலைவராகவோ பிரதமராகவோ ஆனவர் அல்லர். ஆனால், ஒரு பேரரசு அரை நூற்றாண்டாக மறுத்துவந்த உண்மையை அதன் சொந்த நாடாளுமன்றமே ஒப்புக்கொள்ளச் செய்த முயற்சியைத் தொடங்கிவைத்தவர் என்ற வகையில், மேற்கூறிய அனைவரினும் அவருடைய வாழ்க்கையே அறிவியலுக்கும் அரசியலுக்கும் உள்ள உறவைத் தெளிவாகக் காட்டுகிறது.

லிப்மா 1930ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், நாட்டின் பழம்பெரும் பல்கலைக்கழக நகரமான தார்த்துவில் பிறந்தார். தந்தை தியோடர் லிப்மா தாவரவியல் பேராசிரியர். பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர். எஸ்தோனியாவின் எந்தப் பகுதியில் எவ்வகைத் தாவரக் கூட்டங்கள் சேர்ந்து வளர்கின்றன என்பதை வரைபடமாக்கும் பணியை முன்னின்று நடத்தியவர். 1940இல் சோவியத் படைகளும் 1941இல் ஜெர்மானியப் படைகளும் அடுத்தடுத்து நாட்டைக் கைப்பற்றின. 1943 ஜனவரியில் சோவியத் விமானங்கள் தார்த்து நகரின்மீது வீசிய குண்டுகளில் தியோடரும் அவர் மனைவியும் மகளும் உயிரிழந்தனர். அப்போது எண்டெலுக்கு வயது 12. பெற்றோரையும் உடன்பிறந்தவளையும் பறித்த அரசின் குடிமகனாகவே, போர் முடிந்ததிலிருந்து 1991 வரை, அவர் வாழ வேண்டியிருந்தது என்பதை மனத்தில் கொள்ளாமல் அவருடைய பிற்கால உறுதியைப் புரிந்துகொள்ள இயலாது.

அவர் உயர்கல்வி பெற்றது தாலின் பல்தொழில்நுட்பக் கழகத்தில். அங்கு 1953இல் அவர் முடித்த படிப்பு எண்ணெய்க் களிப்பாறையைப் பதப்படுத்தும் வேதித் தொழில்நுட்பம் சார்ந்தது. எண்ணெய்க் களிப்பாறை என்பது கரிமப் பொருள் செறிந்த படிவுப் பாறை; அதனை எரித்து மின்சாரம் எடுக்கலாம், காற்றுப்படாமல் சூடாக்கி எண்ணெய் வடிக்கலாம். எஸ்தோனியாவின் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி பல பத்தாண்டுகளாக இப்பாறையை எரித்தே பெறப்பட்டுவந்தது. இப்பாறையிலிருந்து வடியும் எண்ணெய், நூற்றுக்கணக்கான கரிமச் சேர்மங்களின் கலவை. அவற்றைப் பிரித்தறிய அக்காலத்து வேதிமுறைகள் போதவில்லை. மூலக்கூறுகளை உடைக்காமல் அவற்றின் கட்டமைப்பை அறிய வழி உண்டா என்ற தேடலே அவரை வேதியியலிலிருந்து இயற்பியலின் எல்லைக்குக் கொண்டுசென்றது எனலாம். 1960களின் தொடக்கத்தில், எஸ்தோனிய அறிவியல் கழகம் புதிதாக நிறுவியிருந்த சைபர்னெடிக்ஸ் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, அங்கு அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்னும் துறையில் ஓர் ஆய்வுக் குழுவை உருவாக்கினார்.

இந்தத் துறையைச் சற்று விரிவாகவே விளக்க வேண்டும். சில அணுக்களின் கருக்கள் மிகச் சிறிய காந்த ஊசிகள்போல் நடந்துகொள்கின்றன. வலிமையான காந்தப்புலத்தில் அவற்றை வைத்து வானொலி அலைகளைப் பாய்ச்சினால், ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மட்டும் அவை ஆற்றலை ஏற்றுக்கொள்கின்றன. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசைந்த நேரத்தில் தள்ளினால் மட்டுமே அது உயர எழுவதைப் போன்றது இது. இந்த இசைவையே ஒத்ததிர்வு என்கிறோம். அணுக்கருவைச் சூழ்ந்த எலெக்ட்ரான்களும் பக்கத்து அணுக்களும் அந்த அதிர்வெண்ணை மிக நுண்ணிய அளவில் மாற்றுவதால், அம்மாற்றத்தை அளந்தால் அந்த அணு மூலக்கூறில் எங்கே, எவற்றின் அண்டையில் அமர்ந்திருக்கிறது என்பதைக் கூறிவிடலாம். இன்று மருத்துவமனைகளில் எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. படமும் இதே நெறியில், உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் கருக்களைக்கொண்டு உருவாவதுதான்.

கரிமச் சேர்மங்களின் முதுகெலும்பாகிய கார்பனைப் பொறுத்தவரை ஒரு தடை இருந்தது. இயற்கையில் மிகுதியாகக் கிடைக்கும் கார்பன்-12 என்னும் வகையின் கரு காந்த ஊசியாக இயங்குவதில்லை. இயங்கும் கார்பன்-13 வகையோ மொத்தக் கார்பனில் ஏறத்தாழ 1.1 விழுக்காடு மட்டுமே. ஆகவே அதிலிருந்து கிடைக்கும் குறிப்பலை மிகவும் மெல்லியது. மேலைநாட்டு நுண்கருவிகளைச் சோவியத் நாட்டுக்கு விற்பதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலத்தில், லிப்மாவின் குழுவினர் தமக்கு வேண்டிய நிறமாலைமானிகளைத் தாமே வடிவமைத்துக் கட்டி, கார்பன்-13 அளவீட்டில் உலகின் முன்னணிக் குழுக்களுள் ஒன்றாக உயர்ந்தனர். கருவியை விலைக்கு வாங்க முடியாத நிலையே அவர்களைக் கருவி செய்வதில் வல்லவர்களாக்கியது. பிற்காலத்தில் அக்குழு உலகப் புகழ் பெற்றதும் இந்தக் கைத்திறத்தால்தான்.

அடுத்த தடை திடப்பொருள். திரவத்தில் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் விரைந்து புரள்வதால் திசை சார்ந்த வேறுபாடுகள் தாமே சமனாகி, கூர்மையான கோடுகள் கிடைக்கின்றன. திடப்பொருளில் அணுக்கள் இருந்த இடத்திலேயே நிற்பதால் கோடுகள் அகன்று ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. மாதிரிப் பொடியை ஒரு சிறு உருளையில் அடைத்து, காந்தப்புலத்துக்கு 54.7 பாகை சாய்வில், நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை சுழற்றினால் இந்த அகலம் பெரிதும் குறையும். அச்சாய்வை இயற்பியலார் மாயக் கோணம் என்பர். இம்முறையைச் சிலிக்கனின் காந்த வகையாகிய சிலிக்கன்-29இன்மீது கையாண்டு, தாலின் குழுவினரும் கிழக்கு பெர்லின் ஆய்வாளர்களும் இணைந்து 1980இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரை, அத்துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவனவற்றுள் ஒன்றாயிற்று. மணலும் களிமண்ணும் கண்ணாடியும் சிமெண்டும், கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பில் வினையூக்கியாகப் பயன்படும் சியோலைட்டும் ஆகிய எல்லாமே சிலிக்கனும் ஆக்சிஜனும் பின்னிய வலைகளே. அவ்வலையில் ஒரு சிலிக்கன் அணு எத்தனை சிலிக்கன் அணுக்களோடு ஆக்சிஜன் வழியே கைகோத்திருக்கிறது என்பதைப் பொருளைக் கரைக்காமல், உருக்காமல் எண்ணிச் சொல்ல அந்த முறை வழிகாட்டியது.

அலுமினியம், ஆக்சிஜன் போன்றவற்றின் கருக்களுக்கு ஒரு கோணத்தில் சுழற்றுவது போதாது. சுழலும் உருளைக்குள் இன்னோர் உருளையை வேறொரு கோணத்தில் சுழலவிடும் இரட்டைச் சுழற்சி முறையை, லிப்மாவின் மாணவர் வழிவந்த ஆகோ சமோசனும் லிப்மாவும், கலிபோர்னியாவின் பெர்க்லியில் பணியாற்றிய அலெக்சாண்டர் பைன்ஸும் 1988இல் வெளியிட்டனர். அந்த ஆண்டில் லிப்மா அரசியலில் முழுமூச்சாக இறங்கிவிட்டிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. ஆய்வு வற்றியதால் அரசியலுக்கு ஒதுங்கியவர் அல்லர் அவர்.

துறை எல்லைகளை அவர் பொருட்படுத்தாததற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் மாஸ்கோ ஆய்வுக் குழு ஒன்று, நியூட்ரினோ என்னும் அடிப்படைத் துகளுக்குக் கணிசமான நிறை உண்டென அறிவித்தது. ஹைட்ரஜனின் கதிரியக்க வகையாகிய டிரிட்டியம் சிதைந்து ஹீலியம்-3 ஆகும்போது வெளிப்படும் எலெக்ட்ரான்களை அளந்து கண்ட முடிவு அது. அதனைச் சரிபார்க்க, டிரிட்டியத்துக்கும் ஹீலியம்-3க்கும் உள்ள மிக நுண்ணிய நிறை வேறுபாட்டை வேறொரு வழியில் தனியே அளந்தாக வேண்டும். லிப்மாவின் குழு அயனிகளைக் காந்தப்புலத்தில் வட்டமிடச் செய்து அவ்வேறுபாட்டை அளந்து 1985இல் வெளியிட்டது. மாஸ்கோ குழு கூறிய அளவு பெரிய நிறை இல்லை என்பது பிற்காலச் சோதனைகளால் உறுதியானது. ஒருவர் கூறுவதை, அவர் கையாண்ட வழியிலன்றித் தொடர்பற்ற வேறொரு வழியில் சோதித்தறிவது என்னும் பழக்கம் இங்கே தெரிகிறது. அந்தப் பழக்கமே நான்காண்டுகளுக்குப் பின் கிரெம்ளினில் அவருக்குக் கைகொடுத்தது.

1980இல் அவர் தாலினில் வேதி இயற்பியல், உயிர் இயற்பியல் தேசிய ஆய்வு நிறுவனத்தை உருவாக்கி, 2001 வரை அதன் இயக்குநராக இருந்தார். இந்நிறுவனத்தின் தலைமைதான் அவருக்கு எஸ்தோனியாவில் எவரும் எளிதில் ஒதுக்க முடியாத குரலை அளித்தது.

அக்குரல் பொதுவெளியில் முதன்முதலாக ஓங்கி ஒலித்தது 1987இல். வடக்கு எஸ்தோனியாவின் மண்ணுக்கடியில் பாஸ்போரைட் என்னும் படிவு பரந்து கிடக்கிறது. சுமார் 48 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வாழ்ந்த சிப்பிபோன்ற சிற்றுயிர்களின் ஓடுகள் மணலோடு இறுகி உருவான அப்பாறையைக் கந்தக அமிலத்தோடு வினைபுரியச் செய்தால் பாஸ்பேட் உரம் கிடைக்கும். கடற்கரையோரத் தூல்செயிலும், உள்நாட்டில் ரக்வெரெ வட்டாரத்திலும் மிகப் பெரிய சுரங்கங்களைத் திறக்க மாஸ்கோவின் உர உற்பத்தி அமைச்சகம் திட்டமிட்டிருந்தது. 1987 பிப்ரவரியில், எஸ்தோனியத் தொலைக்காட்சியில் யூகன் ஆரே நடத்திவந்த நிகழ்ச்சியின் வழியாக இத்திட்டம் பொதுமக்களுக்குத் தெரியவந்ததும் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. பின்னர் வரலாற்றில் பாஸ்போரைட் போர் என்று பெயர்பெற்ற இந்த எதிர்ப்பில், அறிவியலர் தரப்பின் முதன்மைக் குரல்களுள் ஒன்று லிப்மாவுடையது.

அவர் தரப்பு முன்வைத்த வாதங்கள் உணர்ச்சி வயப்பட்டவை அல்ல. ரக்வெரெ வட்டாரத்தை ஒட்டிய பாந்திவெரெ மேட்டுநிலம் வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறையால் ஆனது. மழைநீரும் பனியுருகிய நீரும் அங்கு நேரே நிலத்துக்குள் இறங்கி, ஊற்றுகளாக வெளிப்பட்டு, நாட்டின் பல ஆறுகளுக்குத் தலைநீராகின்றன. ஆழ்சுரங்கம் தோண்ட வேண்டுமானால் முதலில் அந்நிலத்தடி நீரை இறைத்து வற்றச்செய்ய வேண்டும். இது ஒன்று. மற்றொன்று, பாஸ்போரைட்டுக்கு மேலே போர்வைபோல் படிந்திருக்கும் கரிய களிப்பாறை. கரிமப் பொருளும் இரும்புச் சல்பைடும் நிறைந்த அப்பாறையைத் தோண்டி வெளியே கொட்டினால், காற்றுப்பட்டுத் தானே சூடேறிப் பற்றி எரியும். அதிலுள்ள யுரேனியமும் பிற உலோகங்களும் மழையில் கரைந்து நீர்நிலைகளைச் சேரும். தாலினுக்கு அருகே மார்து என்னுமிடத்தில் ஏற்கெனவே இயங்கிய பாஸ்போரைட் சுரங்கத்தின் கழிவுமேடுகள் அவ்வாறு புகைந்துகொண்டிருந்ததை யாரும் நேரில் சென்று காணலாம் என்ற நிலையில், இதனை வெறும் அச்சம் என்று அமைச்சகத்தால் தள்ள முடியவில்லை. இவற்றோடு, சுரங்க வேலைக்கெனப் பல்லாயிரம் தொழிலாளர் ஒன்றியத்தின் பிற பகுதிகளிலிருந்து குடியேற்றப்படுவர், எஸ்தோனியர் தம் நாட்டிலேயே சிறுபான்மையினராவர் என்ற கவலையும் மக்களிடையே இருந்தது. நீரைப் பற்றிப் பேசியபோதும் மக்கள் நாட்டுரிமையைப் பற்றியே பேசினர் என்பது உண்மை. ஆயினும், நீரைப் பற்றிய வாதம் தன்னளவில் வலுவாக இல்லாதிருந்தால் இரண்டும் தோற்றிருக்கும்.

அவ்வாண்டு இறுதிக்குள் மாஸ்கோ திட்டத்தைக் கைவிட்டது. சோவியத் ஆட்சியில் ஒன்றிய அமைச்சகம் ஒன்றின் பெருந்திட்டத்தைக் குடியரசு ஒன்றின் மக்கள் தடுத்துநிறுத்த முடியும் என்ற உணர்வு பரவியது. 1987 செப்டம்பரில் எஸ்தோனியாவுக்குத் தனிப் பொருளாதார நிர்வாகம் வேண்டும் என்ற முன்மொழிவு தார்த்து நாளிதழில் வெளிவந்தது. 1988 ஏப்ரலில் மக்கள் முன்னணி தோன்றியது. நவம்பர் 16ஆம் நாள் எஸ்தோனியக் குடியரசின் சட்டமன்றமான உச்ச சோவியத், தன் சட்டங்களே இம்மண்ணில் மேலானவை என அறிவித்தது. மக்கள் முன்னணியில் பங்குகொண்ட லிப்மா, 1989 மார்ச்சில் நடந்த தேர்தலில் ஒன்றியத்தின் மக்கள் பிரதிநிதிகள் பேராயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சோவியத் தலைவர் கோர்பச்சேவ் உருவாக்கிய, 2,250 உறுப்பினர் கொண்ட புதிய பேரவை அது. அதன் முதல் கூட்டம் மே 25ஆம் நாள் தொடங்கி, ஒன்றியம் முழுவதும் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது.

அப்பேராயத்தில் லிப்மா கையிலெடுத்த பிரச்சினை 1939 ஆகஸ்ட் 23ஆம் நாள் மாஸ்கோவில் கையெழுத்தான சோவியத்-ஜெர்மனி ஆக்கிரமிப்பின்மை ஒப்பந்தம். வெளியிடப்பட்ட அவ்வொப்பந்தத்தோடு கிழக்கு ஐரோப்பாவை இரு வல்லரசுகளும் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட இரகசிய இணைப்பு ஒன்றும் இருந்தது. அதன்படி எஸ்தோனியாவும் லாட்வியாவும் பின்லாந்தும் சோவியத் பங்கில் விழுந்தன. ஐந்து வாரங்களுக்குப்பின், செப்டம்பர் 28இல், எஸ்தோனியா 25,000 சோவியத் படைவீரர்களைத் தன் மண்ணில் தங்க அனுமதிக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டிய கட்டாயத்துக்கு உள்ளானது. 1940 ஜூனில் நாடு முழுவதும் கைப்பற்றப்பட்டது. ஆகஸ்டில் ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டது. எஸ்தோனியா தானே விரும்பிச் சேர்ந்தது என்பதே சோவியத் பாடநூல்களின் கூற்று. அக்கூற்று நிற்க வேண்டுமானால் இரகசிய இணைப்பு இல்லாமல் இருக்க வேண்டும். ஆகவே அரை நூற்றாண்டாக அப்படியொன்று இல்லை என்றே மாஸ்கோ சொல்லிவந்தது.

ஜெர்மனி வசமிருந்த மூலப்படி போரின்போது அழிந்தது. ஆனால் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் முன்னெச்சரிக்கையாக எடுத்துவைத்திருந்த நுண்படச் சுருள்களை, கார்ல் ஃபொன் லோஷ் என்ற அதிகாரி 1945 மே மாதத்தில் பிரிட்டிஷாரிடம் ஒப்படைத்தார். அவற்றைக்கொண்டு அமெரிக்க அரசு 1948இல் இணைப்பின் வாசகத்தை அச்சிட்டு வெளியிட்டது. அவை போலிகள், மூலத்தைக் காட்டாதவரை நம்புவதற்கில்லை என்பது சோவியத் மறுமொழி. மூலமோ சோவியத் கையில் இருந்தது. இல்லை என்று சொல்பவரிடமே சான்று பூட்டிவைக்கப்பட்டிருந்த இந்த நிலையை எப்படி உடைப்பது என்பதுதான் கேள்வி.

1989 ஜூன் 1ஆம் நாள், பால்டிக் பிரதிநிதிகளின் சார்பில் லிப்மா பேராய மேடையேறி, இந்த ஒப்பந்தத்தை அரசியல், சட்ட நோக்கில் மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். தலைவராக அவர் தரப்பு பரிந்துரைத்தவர், 'ஜமீலா'வின் ஆசிரியராகத் தமிழ் வாசகர்கள் மொழிபெயர்ப்பில் நன்கறிந்த கிர்கிசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ். மூலப் பத்திரங்களைத் தேடியும் கிடைக்கவில்லை என்று கோர்பச்சேவ் அவையில் கூறினார். எதிர்ப்புக் குரல்களும் எழுந்தன. எனினும், மறுநாள் 26 உறுப்பினர் கொண்ட ஆணையம் அமைந்தது. அரசியல் தலைமைக் குழு உறுப்பினரான அலெக்சாண்டர் யாகோவ்லெவ் தலைவரானார். லிப்மாவோடு, லிதுவேனியாவின் இசையறிஞர் வீத்தாவுத்தாஸ் லாந்த்ஸ்பெர்கிஸ், ரஷ்ய வரலாற்றறிஞர் யூரி அஃபனாசியெவ் போன்றோரும் அதில் இடம்பெற்றனர். பால்டிக் உறுப்பினர்கள் முழுமையான, உடனடியான ஒப்புதலைக் கோரினர். ஒன்றியத்தின் தலைமை காலம் கடத்தியது. ஆகஸ்ட் 23இல், ஒப்பந்தத்தின் ஐம்பதாம் ஆண்டு நாளில், ஏறத்தாழ 20 லட்சம் மக்கள் தாலினிலிருந்து லாட்வியத் தலைநகர் ரீகா வழியாக லிதுவேனியத் தலைநகர் வில்னியுஸ் வரை 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவுக்குக் கைகோத்து நின்றதும் இந்தக் காத்திருப்பின் நடுவேதான்.

மூலம் கையில் இல்லாதபோது அதன் இருப்பை எப்படி நிறுவுவது? ஆணையம் பல திசைகளிலிருந்து சான்றைச் சேர்த்தது. நுண்படத்திலுள்ள கையெழுத்துகளும் வாசக நடையும் வல்லுநர்களால் ஆராயப்பட்டன. மாஸ்கோ ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருந்த வெளிப்படை ஒப்பந்தத்தின் மூலப்படி எந்தத் தட்டச்சுப் பொறியில் அடிக்கப்பட்டதோ, அதே பொறியில்தான் இரகசிய இணைப்பும் அடிக்கப்பட்டது என்பது எழுத்துருக்களின் தேய்மானத்தால் தெரியவந்தது. இணைப்பில் கண்ட எல்லைக்கோடுகளும் பின்னர் நிகழ்ந்த நிகழ்ச்சிகளும் பொருந்தின. கண்ணால் காணவியலாத அணு அமைப்பை அதன் அதிர்வெண்ணைக்கொண்டு துணிவதில் முப்பதாண்டு பழகிய ஒருவருக்கு, காணக்கிடைக்காத ஆவணத்தை அதன் தடங்களைக்கொண்டு துணிவது புதிய வேலையன்று.

டிசம்பர் 23ஆம் நாள் யாகோவ்லெவ் அறிக்கையை அவையில் வைத்தார். வாக்கெடுப்பில் தீர்மானம் தேவையான பெரும்பான்மையைப் பெறவில்லை. மறுநாள், வெளியுறவு அமைச்சகத்தில் கிடைத்த ஒரு கைமாற்றுச் சீட்டை அவர் அவைக்குத் தெரிவித்தார்: 1946 ஏப்ரலில் சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலொட்டோவின் செயலகத்தைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் இன்னோர் அதிகாரியிடம் இரகசியப் பத்திரங்களின் மூலப்படிகளை ஒப்படைத்துக் கையெழுத்திட்ட சீட்டு அது. இல்லாத பத்திரத்தை ஒருவர் மற்றொருவரிடம் எண்ணிக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்க முடியாது. 1,435 வாக்குகள் ஆதரவாகவும் 251 எதிராகவும் விழ, 266 பேர் எப்பக்கமும் சேராமல் இருக்க, இரகசிய இணைப்புகள் கையெழுத்தான கணத்திலிருந்தே சட்டப்படி செல்லாதவை என்று பேராயம் தீர்மானித்தது.

இத்தீர்மானத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். இணைப்புகளைக் கண்டித்த பேராயம், 1940இல் பால்டிக் நாடுகள் ஒன்றியத்தில் சேர்க்கப்பட்டது சட்டமீறல் என்று சொல்லவில்லை. இரண்டையும் தனித்தனி நிகழ்வுகளாகவே தலைமை காட்ட விரும்பியது. அவ்வகையில் இது அரைகுறை வெற்றி எனக் கருதுவோர் உண்டு. எனினும், அடித்தளக் கல் பெயர்க்கப்பட்டபின் அதன்மேல் நின்ற சுவருக்கு நிலைப்பில்லை. இனி மாஸ்கோவோடு நடக்கும் எந்தப் பேச்சிலும், பிரிந்துபோக இசைவு கேட்கும் குடியரசாக அன்றி, பறிக்கப்பட்டதைத் திரும்பக் கேட்கும் நாடாக எஸ்தோனியா உட்கார முடிந்தது. மூலப்படிகள் 1992 அக்டோபரில், ஒன்றியமே மறைந்த பின்னர், மாஸ்கோவின் குடியரசுத் தலைவர் ஆவணக் காப்பகத்தில் முத்திரையிட்ட உறையொன்றில் கிடைத்தன.

1990 ஏப்ரலில் எட்கர் சாவிசார் அமைத்த அரசில் லிப்மா துறையில்லா அமைச்சராகி, கிழக்கு உறவுகளை, அதாவது மாஸ்கோவுடனான பேச்சுகளைக் கவனித்தார். சோவியத் படைகள் இன்னும் நாட்டில் இருக்க, மாஸ்கோ பொருளாதார நெருக்கடி தந்துகொண்டிருக்க, 1991 ஜனவரியில் வில்னியுஸில் இரத்தம் சிந்தப்பட்ட காலம் அது. 1991 ஆகஸ்ட் 20ஆம் நாள், மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்துகொண்டிருந்தபோது, எஸ்தோனியா தன் விடுதலையை உறுதிசெய்தது. பின்னர் 1995-96இல் அவர் ஐரோப்பிய விவகார அமைச்சராக இருந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர எஸ்தோனியா விண்ணப்பித்தது 1995 நவம்பரில். அமைச்சர் பதவிக்குப் பின் 1999 வரை லிப்மா நாடாளுமன்ற உறுப்பினர். கட்சி அரசியலில் அவர் பெரிய தடத்தை விட்டுச்செல்லவில்லை என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. பேரணி கூட்டுவதும் கூட்டணி பேணுவதும் அவர் திறன்கள் அல்ல. குறித்த ஒரு கேள்வி முன்னால் இருந்து, அதற்கு ஐயத்துக்கு இடமற்ற விடை தேவைப்பட்ட போதெல்லாம்தான் அவர் பெரியவராக விளங்கினார்.

அவருடைய முதுமைக்கால எழுத்துகள் மீண்டும் பாறைகளிடமே திரும்பின. போருக்குப் பின்னர் வடகிழக்குக் கடற்கரையில் வெளியார் நுழைய முடியாத நகரமாக மூடப்பட்ட சில்லமயேயில், அதே கரிய களிப்பாறையிலிருந்து சோவியத் அரசு யுரேனியம் பிரித்தெடுக்க முயன்ற வரலாற்றை எண்களோடு தொகுத்தார். அப்பாறையில் உள்ள யுரேனியம், மாலிப்டினம், வனேடியம் முதலியவற்றின் வளம் எவ்வளவு, அவற்றைத் தீங்கின்றிப் பயன்படுத்த வழியுண்டா என்று சக ஆய்வாளர்களோடு ஆராய்ந்து எழுதினார். 1987இல் சுரங்கத்தை எதிர்த்தவர் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுரங்கவளம் பற்றி எழுதியதில் முரண்பாடு இல்லை. நிலத்தைப் பற்றிய முடிவை அந்நிலத்தை அளந்தறிந்தோர் எடுக்க வேண்டும் என்பதே இரு காலத்திலும் அவர் நிலைப்பாடு. 2015 ஜூலை 30ஆம் நாள், தம் 84ஆம் வயதில், அவர் காலமானார்.

ரக்வெரெயின் பாஸ்போரைட் இன்றும் தோண்டப்படாமல் சுண்ணாம்புப் பாறைக்கும் ஊற்றுநீருக்கும் கீழே கிடக்கிறது. மின்கலங்களுக்கும் மின்மோட்டார்களின் காந்தங்களுக்கும் வேண்டிய கனிமங்களுக்கு ஐரோப்பாவில் தேவை பெருகிவரும் இக்காலத்தில், அப்படிவிலுள்ள பாஸ்பரசையும் அருமண் உலோகங்களையும் மீண்டும் மதிப்பிடும் ஆய்வைச் சுதந்திர எஸ்தோனியாவின் நிலவியல் ஆய்வகம் மேற்கொண்டுள்ளது. பாந்திவெரெயின் நீர் என்னவாகும் என்ற கேள்வியை அந்த வட்டாரத்து மக்கள் இம்முறை தாலினிடம் கேட்கின்றனர்.